ஏழு கேற்றையும் திறந்த பொண்ணு

சாய்ந்தமருதில் கடற்கரைக்குப் போகும் வீதியொன்றில் கமீலாவின் வீடு இருக்கிறது. 'கமீலாவின் வீடு' என்று எழுதுவதில் பிழையில்லை. எங்கள் பகுதியில் வீடு பொண்ணின் பேரில்தான் எழுதப்படும். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து சேருவார். ஆனால் அந்த வீட்டில் எந்த இடத்தில் எதை வைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்பதைப் பற்றி வீட்டு உறுதிப் பத்திரத்தில் ஒரு வரியும் இருக்காது. கமீலாவின் பிரச்சினை முழுவதும் அந்த இல்லாத வரிதான்.

அவளுக்கு இருபத்தேழு வயது. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவள். பட்டம் வாங்கிய பிள்ளைகள் இங்கே இரண்டு விடயங்களுக்குக் காத்திருப்பார்கள்: ஒன்று அரசாங்க நியமனம், மற்றது மாப்பிள்ளை. கமீலா இரண்டு வரிசையிலும் நின்றாள். நிற்கிற நேரம் வீணாகக் கூடாதென்று கொழும்பிலிருந்து தபாலில் சில சாமான்கள் எடுப்பித்தாள். அர்டுயினோ என்ற பேரில் பிஸ்கட் அளவுச் சின்னக் கணினிப் பலகை ஒன்று, ரேடியோ அலையைக் கேட்கும் துண்டு ஒன்று, அனுப்பும் துண்டு ஒன்று, ஈயம் உருக்கி ஒட்டும் கோல் ஒன்று. எல்லாம் ஒரு நீலத் தகரப் பெட்டிக்குள் அடங்கின.

முதலில் சிக்கியது வீட்டு மின்விசிறியின் ரிமோட். அதை அமத்தினால் காற்றில் என்ன போகிறது? கண்ணுக்குத் தெரியாத தட்டல்கள். குட்டையாகச் சில, நெட்டையாகச் சில. கதவை ஒருவர் 'டக், டக்-டக், டக்' என்று தனக்கேயுரிய விதத்தில் தட்டினால் உள்ளே இருப்பவருக்கு ஆள் விளங்குகிறதல்லவா, அப்படித்தான் விசிறிக்கும் தன் ரிமோட்டின் தட்டல் விளங்குகிறது. கமீலா அந்தத் தட்டலைக் கணினித் திரையில் பிடித்தாள். குட்டையையும் நெட்டையையும் ஒவ்வொன்றாக எண்ணி எழுதினாள். பிறகு ரிமோட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அதே தட்டலைத் தன் பலகையிலிருந்து அனுப்பினாள்.

விசிறி சுற்றியது.

அவள் போட்ட சத்தத்தில் பாம்பு வந்துவிட்டதென்று உம்மா குசினியிலிருந்து உலக்கையோடு ஓடி வந்தார். பாம்பில்லை என்று தெரிந்ததும் உம்மாவுக்குச் சற்று ஏமாற்றம்தான். ஆனாலும் மறுநாளே அவர் பக்கத்து வீடுகளுக்குச் செய்தியைக் கொண்டுபோனார். ரிமோட் தொலைத்த பெண்கள் வரத் தொடங்கினார்கள். எங்கள் வீதியில் ரிமோட் தொலைக்காத பெண் இல்லை.

வாப்பா அபுல் ஹஸன் ஹாஜியாருக்கு இது பிடிக்கவில்லை. மகளின் கெட்டித்தனம் பிடிக்காமலில்லை, நேரம்தான் பிடிக்கவில்லை. அப்போது மருதமுனையிலிருந்து ஷிப்லி என்ற மாப்பிள்ளையின் பேச்சு வந்திருந்தது. அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர், அமைதியான பிள்ளை, ஒரே மகன். பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய் கைருன்னிஸா, கமீலாவின் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்ன மகள், விரலெல்லாம் சுட்ட தழும்பு?"

கமீலா வாயைத் திறக்குமுன் ஹாஜியார் முந்திக்கொண்டார். "பலாரம் சுட்டதுதான் தங்கச்சி. எந்த நேரமும் அடுப்படிதான் இவ."

கைருன்னிஸா மாஷா அல்லாஹ் சொன்னார். அன்றோடு கமீலா பலகாரம் சுடுவதில் சூரி என்று மருதமுனை முழுக்கப் பேர் பரவியது. உண்மையில் அவள் சுட்ட பலகாரத்தை ஆடுகூட யோசித்துத்தான் தின்னும்.

அன்று பின்னேரம் ஹாஜியார் நீலப் பெட்டியைக் காட்டிச் சொன்னார்: "இத மேல் அறைக் கட்டிலுக்குக் கீழ தள்ளு. கலியாணம் முடிஞ்சி பழைய இரும்புக்காரன் வந்தா குடுத்திடுவம்."

"வாப்பா, ஊடு என்ட பேர்லதானே இரிக்கி? ஹோல்ல ஒரு மேசய போட்டு இத வைக்க எனக்கு ஏலாதா?"

"ஊடு ஒண்ட பேர்லதான் மகள். மேச மாப்பிளட விருப்பம். மாமிக்காரி வந்து கம்பியும் ஈயமும் கெடக்கிறதப் பாத்தா என்ன நினைப்பா? பொண்ணு எடுத்தமா, ரேடியோ திருத்துற பாஸ எடுத்தமா எண்டு கேப்பா."

கமீலா பெட்டியைத் தள்ளினாள். ஆனால் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டாள்: கலியாணம் முடிந்து ஒரு மாதம் பொறுப்பது, மாப்பிள்ளையின் குணம் பார்த்து, நல்ல கறி ஆக்கிய ஒரு நாளில் மெதுவாகக் கதையை எடுப்பது. பெட்டி பிழைப்பதற்கு அதைவிட வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. அதுவரை மருதமுனைக்காரர் ஒருவருடைய கண்ணிலும் அது படக் கூடாது.

இனிக் கேற்றுக்கு வருவோம். அந்த வீதியில் முதன்முதலாக மதில் வாசலுக்கு மோட்டர் பூட்டிய இழுவைக் கேற் வைத்தவர் வள்ளச் சொந்தக்காரர் மீராசாஹிபு. பொத்தானை அமத்தினால் தானாகத் திறக்கும், இன்னொருக்கா அமத்தினால் தானாக மூடும். ஒருவர் வைத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஒரு வருஷத்துக்குள் ஆறு வீட்டில் அதே கேற், அதே கடை, பூட்டியவனும் அதே ஆள். ஏழாவது ஹாஜியாருடையது. கலியாணத்துக்கு முதல் நாள் பூட்டி முடிந்தது. மாப்பிள்ளை வாசலுக்கு வரும்போது கேற் தானாகத் திறக்க வேண்டும், மருதமுனை வாய் பிளக்க வேண்டும். இதுதான் ஹாஜியாரின் திட்டம். மோட்டரைக் கழற்றிக் கையால் தள்ளுவதற்கு ஒரு சாவி உண்டு. அதைப் பூட்டியவன் மறதியாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஒரு வீட்டிலும் அவன் அந்தச் சாவியைக் கொடுத்ததில்லை என்பது பிறகுதான் தெரிய வந்தது.

கலியாண நாள். அஸர் தொழுகை முடிந்து பள்ளியில் நிக்காஹ் எழுதியாயிற்று. பைத் என்னும் அரபுப் புகழ்ப்பாட்டைப் பாடுகிறவர்களோடு மாப்பிள்ளை ஊர்வலமாக வருகிறார் என்று செய்தி வந்தது. வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்க வேண்டியது பொண்ணின் சகோதரன். கமீலாவின் தம்பி முனாஸ், முப்பது கிலோ இறைச்சியைத் தனியாக வெட்டக்கூடியவன், ஆனால் சடங்கென்றால் கை நடுங்கும். பன்னீர் கலந்த தண்ணீர்ச் செம்பை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தான். குனிந்தான். சட்டைப் பையிலிருந்த கேற் ரிமோட் 'தொபுக்' என்று செம்புக்குள் விழுந்தது.

எடுத்துத் துடைத்தான். அமத்தினான். கேற் அசையவில்லை. மேலே ஓடிப்போய், பொண்ணை அலங்கரிக்கக் கல்முனையிலிருந்து வந்திருந்த ஜெனூபாவிடம் தலைமயிர் காயவைக்கும் மெசினை வாங்கி, ரிமோட்டுக்குள் சூடான காற்றை அடித்தான். அடித்தான் என்றால் அப்படி அடித்தான். பிளாஸ்டிக் வளைந்து, உள்ளேயிருந்து ஒரு சின்னத் தகரத் துண்டு கழன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது.

"இது என்ன தாத்தா?" என்றான். எங்கள் ஊரில் அக்காவைத்தான் தாத்தா என்பது.

கலியாணச் சேலையில், தலையில் பாதிப் பூவோடு இருந்த கமீலா எட்டிப் பார்த்தாள். "அதுதான்டா அதுட உசிரு."

முனாஸின் முகம் வெளுத்தது. "வாப்பா என்னக் கொல்லப் போறாரு. சின்னக் கேற்றால மாப்பிளயக் கூட்டி வருவமா?"

ஆட்கள் மட்டும் போகும் சின்னக் கேற்றை மறித்துத்தான் அலங்கார வளைவு கட்டியிருந்தார்கள். அதற்குள், கீழேயும் யாரோ அதே யோசனையைச் சொல்ல, ஊர்வலத்தை முந்திக்கொண்டு வந்த ஹாஜியாரின் குரல் வெளியே கேட்டது. "என்ட மருமகன் கோழி மாதிரி சந்துக்கால பூருறதா? ஊர்வலத்த அப்பிடியே நிப்பாட்டுங்க! கேற்ற தள்ளுங்கடா!"

ஊர்வலம் நின்றது. நின்ற இடம், நான்கு வீடு தள்ளி, மீராசாஹிபின் கேற்றுக்கு நேரே. முனாஸ் கீழே ஓடி, கரண்ட் அடிக்குமோ என்ற பயத்தில் மோட்டரின் சுவிச்சை நிறுத்திவிட்டு, நான்கு பேரோடு சேர்ந்து தள்ளினான். கேற் மலைபோல நின்றது.

மேலே கமீலா ஒரு நிமிஷம் கட்டிலைப் பார்த்தாள். கட்டிலுக்குக் கீழே பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் படுத்துவிட்டாள்.

"யா அல்லாஹ்! மேக்கப்!" ஜெனூபா அலறினாள். "ரெண்டு மணித்தியாலம் போட்ட மேக்கப்பு!"

நீலப் பெட்டி வெளியே வந்தது. கமீலா செத்த ரிமோட்டை முள்ளுக் கரண்டியால் பிளந்தாள். உள்ளே ஒரு கறுப்புச் சில்லு. அதன் எட்டுக் கால்களுக்கும் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஒவ்வொரு காலையும் மேல் கோட்டோடு ஈயத்தால் ஒட்டலாம், கீழ்க் கோட்டோடு ஒட்டலாம், சும்மாவும் விடலாம். அப்படி ஆறாயிரத்துச் சொச்ச விதமாக ஒட்டலாம். வீட்டுக்கு வீடு வேறு விதமாக ஒட்டித்தான் கொடுக்க வேண்டும்.

கமீலா கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒரு காலிலும் ஈயம் இல்லை.

"ஜெனூபா, இங்க பாருங்க! பூட்டு இரிக்கி, சாவியும் இரிக்கி. ஆனா சாவிக்குப் பல்லே வெட்டல்ல!"

"தல ஆட்டாதீங்க, பூ விழுது."

ரிமோட்டின் முகவரி, அதாவது ஒரு காலும் ஒட்டாத தட்டல், தெரிந்துவிட்டது. ஆனால் தட்டலின் வேகம் தெரிய வேண்டும், திறக்கும் பொத்தான் எதுவென்று தெரிய வேண்டும். ரிமோட் உயிரோடு இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். கமீலா கேட்கும் துண்டைக் கணினியில் கொழுவி யன்னலில் வைத்தாள், ஒரு நப்பாசையில்தான். திரை வெறுமையாகக் கிடந்தது. வெளியே யாரோ வெடி கொளுத்தினார்கள். அந்தச் சத்தத்தில் மீராசாஹிபின் ஆடுகள் வீதிக்குப் பாய, அவர் அவற்றை வளவுக்குள் துரத்திவிட்டுத் தன் கேற்றை ரிமோட்டால் மூடினார்.

திரை நிறையத் தட்டல்கள் ஓடின. குட்டை, நெட்டை, குட்டை, நெட்டை. கமீலா எண்ணினாள்.  எட்டுக் காலும் சும்மா விட்டால் எப்படி வருமோ அச்சொட்டாக அப்படி! அவருடைய ரிமோட்டும் பல்லு வெட்டாத சாவிதான். பக்கத்து வீட்டு மோட்டரின் மலிவுக் காதுக்குக்கூட எட்டாத அந்தச் சின்னத் தட்டலை, ஐம்பது யாருக்கு அப்பால் யன்னலில் இருந்த அவளுடைய கேட்கும் துண்டு பிடித்துவிட்டது. வேகமும் கிடைத்தது, பொத்தானும் கிடைத்தது.

"கெடச்சிட்டு! கெடச்சிட்டு!" அவள் குதித்ததில் மீதிப் பூவும் விழுந்தது.

இனி அனுப்ப வேண்டும். அனுப்பும் துண்டுக்கு ஒரு கம்பி வேண்டும், பதினேழு சென்ரிமீற்றரும் கொஞ்சமும். சரியான நீளமென்றால் தூரம் போகும். அவள் யன்னலில் தொங்கிய அலங்கார மின்குமிழ் வயரைக் கழற்றி ஜெனூபாவின் கத்தரிக்கோலால் வெட்டினாள். வீட்டின் முன்பக்க அலங்கார விளக்குகளில் பாதி அணைந்தன. அந்தக் குமிழ்களின் பன்னிரண்டு வோல்ற்றையும் எடுத்துக் கொடுத்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லி அமத்தினாள்.

தூரம் போனது. தேவைக்கு மேலேயே போனது. வீதியில் இருந்த ஆறு கேற்றும் ஒரே நேரத்தில் திறந்தன. திறக்காத ஒன்றே ஒன்று ஹாஜியாருடையது. அதன் சுவிச்சைத்தான் முனாஸ் நிறுத்தி வைத்திருந்தானே.

மருதமுனைக்காரர்களுக்குச் சாய்ந்தமருதில் எந்த வீடு யாருடையது என்று என்ன தெரியும்? முன்னால் ஒரு கேற் கம்பீரமாகத் தானாகத் திறக்கிறது. பைத் பாடிகள் சுருதி கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். பின்னால் மாப்பிள்ளை. பின்னால் நாற்பது பேர்.

மீராசாஹிபு சாரனும் பெனியனுமாக, கையில் ஒரு ஆட்டுக்குட்டியோடு நின்றார். வாசலுக்கு வந்த மாப்பிள்ளையைப் போ என்று சொல்ல நம்மூரில் ஒருவருக்கும் நாக்கு எழும்பாது. "வாங்க வாங்க, இரிங்க," என்றார். கதிரைகள் வந்தன. யாரோ கேட்டார்: "கால் கழுவுற மச்சான் எங்க?" மீராசாஹிபு ஆட்டுக்குட்டியை இறக்கிவிட்டுத் தானே வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

கமீலா யன்னலால் இதைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது தன் கேற்றை மட்டும். "முனாஸ்! சுவிச்சப் போடுடா!" என்று கத்தினாள். முனாஸ் போட்டான். அவள் மறுபடி அமத்தினாள். ஹாஜியாரின் கேற் வழுவழுவென்று திறந்தது.

மற்ற ஆறும் மூடின.

மாப்பிள்ளை, பைத் பாடிகள், நாற்பது பேர், ஆடுகள், எல்லாரும் மீராசாஹிபின் மதிலுக்குள். அவருடைய சின்னக் கேற்றுக்கு முன்னால் ஒரு வள்ளம் கவிழ்த்துக் கிடந்தது. வாளியோடு திரும்பிய மீராசாஹிபு தன் ரிமோட்டைப் பார்த்து நடுங்கினார். "நான் அமத்தல்ல! வல்லாஹி நான் அமத்தல்ல! இதுக்கு என்னமோ பிடிச்சிட்டு!" என்று அதன் பற்றரியைக் கழற்றிக் கிணற்றுக்குள் எறிந்தார்.

சத்தம் கேட்டு வீதியை எட்டிப் பார்த்தபோதுதான் கமீலாவுக்கு விளங்கியது. இன்னொருக்கா அமத்தினால் மீராசாஹிபின் கேற் திறக்கும், அவள் வீட்டுக் கேற் மூடும். அதற்கு வழி இருந்தது: இந்தக் கேற் திறந்தபடி நிற்க, முனாஸ் சுவிச்சை நிறுத்தினால் சரி. ஆனால் அங்கே நாற்பது பேர் கேற்றைப் பிடித்து உலுக்கிக்கொண்டு நின்றார்கள். கேற் உருளும் சக்கரத்துக்குப் பக்கத்தில் கைகள், கம்பிக்கிடையில் விரல்கள். திடீரென்று கேற் ஓடினால் யாருடைய விரலாவது போய்விடும். முதலில் அவர்களை விலகச் சொல்ல வேண்டும். முனாஸ் சுவிச்சடியில். வாப்பா மாலையும் தொப்பியுமாகத் தொலைபேசி இல்லாமல் வீதியில் ஓடிக்கொண்டிருந்தார். அந்த மதிலுக்குள் கமீலாவின் கையில் இலக்கம் இருந்த ஆள் ஒருவர்தான்.

நிக்காஹ் எழுதி முக்கால் மணித்தியாலம்கூட ஆகாத புருஷன்.

சொன்னால் பெட்டி வெளியே வந்துவிடும். ஒரு மாதத் திட்டம், நல்ல கறி, மெல்லப் பேச்சு, எல்லாம் போயிற்று. ஜெனூபா அவள் முகத்தைப் பார்த்தாள். "என்னகா யோசிக்கிறீங்க?"

"ஒண்டுமில்ல," என்று கமீலா இலக்கத்தை அமத்தினாள்.

"ஹலோ?" ஷிப்லியின் குரலில் ஆட்டுச் சத்தமும் கலந்து வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் கமீலா."

"வஅலைக்குமுஸ்ஸலாம். கமீலா, நான் ஒங்கட ஊட்டுக்குத்தான் வந்திரிக்கன், ஆனா ஒங்களக் காணல்ல..."

"அது எங்கட ஊடு இல்ல. நீங்க பிழையான ஊட்டுல இரிக்கீங்க. எல்லாரையும் கேற்ற விட்டு விலகி நிக்கச் சொல்லுங்க. கை வைக்க வேணாம். நான் இங்கருந்து திறக்கப் போறன்."

"நீங்களா? எப்பிடி?"

"ரேடியோ அலையால. நான்தான் முன்னயும் திறந்த. நான்தான் மூடின." அவள் ஒரு முறை மூச்செடுத்தாள். "மறுகா இன்னொண்டு. விரல்ல இருந்தது பலாரம் சுட்ட காயமில்ல. ஈயம் சுட்டது."

 ஷிப்லி ஆட்டுச் சத்தத்துக்கு மேலால் கேட்டார்: "நான் ஒண்டு ரெண்டு மூணு எண்ணட்டா?"

"எண்ணுங்க."

அமைதியான பிள்ளை என்று சொன்னவர்கள் அந்தக் குரலைக் கேட்டிருக்க வேண்டும். "எல்லாரும் பின்னுக்கு! கேற்றத் தொடாதீங்க! என்ட பொஞ்சாதி திறக்கப் போறா!" நாற்பது பேரும் கேற்றை விட்டார்கள். "ஒண்டு!" கமீலா யன்னலால் சைகை காட்ட, முனாஸ் சுவிச்சை நிறுத்தினான். "ரெண்டு!" பைத் பாடிகளும் சேர்ந்துகொண்டார்கள். "மூணு!"

கமீலா அமத்தினாள். ஆறு கேற்றும் திறந்தன. ஏழாவது திறந்தபடியே நின்றது. வீதியில் எழுந்த ஆரவாரம் பக்கத்து ஊரான மாளிகைக்காட்டுக்குக் கேட்டதென்கிறார்கள். ஹாஜியார் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மருமகனைக் கட்டிப்பிடித்தார். முனாஸ் கால் கழுவினான். கை நடுங்கவில்லை, சிரிப்பில்தான் தண்ணீர் சிந்தியது.

ஆனால் வேன் ஒன்றும் வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்களோடு கைருன்னிஸா இறங்கினார். வீதியில் கேட்ட கதையெல்லாம் காதில் விழ, நேரே மாடிக்கு ஏறினார். அறையில் பொண்ணு தரையில் இருந்தாள். தலையில் பூவில்லை, மடியில் கம்பி, பக்கத்தில் திறந்த நீலப் பெட்டி. ஒளித்து வைக்க நேரமிருக்கவில்லை. கமீலா ஒளிக்கவும் முயலவில்லை.

கைருன்னிஸா பெட்டியைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். கட்டிலில் மெதுவாக இருந்தார்.

"அப்ப பலாரம்?"

"எனக்கு ஒழுங்கா சுடத் தெரியாது மாமி."

"அல்ஹம்துலில்லாஹ். நான் மூணு மாசமா, பலாரத்துல மருமகளோட எப்பிடிப் போட்டி போடுறதெண்டு யோசிச்சிக்கிட்டு இருந்தன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மகள், இந்தக் கேற் வித்த கடைக்காரன்தான் எங்கட ஊட்டுக்கும் பூட்டினான். அப்ப எங்கட கேற்றையும் கண்டவன் நிண்டவன் எல்லாம் திறக்க ஏலுமா?"

கமீலா யோசித்தாள். பொய் சொல்லும் நாள் அன்றைக்கு முடிந்துபோயிருந்தது. "ஓம் மாமி. மீராசாஹிபுட ரிமோட்டே போதும்."

கைருன்னிஸா நெஞ்சில் கை வைத்தார். "எழும்பு. இதுகளைத் தரையில போடாத, யாராவது மிதிச்சிடுவாங்க. ஒனக்கு ஒரு மேச இல்லையா?"

மறுநாள் காலை புதுமாப்பிள்ளைக்குப் பசியாற அப்பமும் பாலும் கொண்டுபோன ஹாஜியார் ஹோலில் திகைத்து நின்றார். ஷிப்லி சாப்பாட்டு மேசையை யன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, தன் புது வேட்டி கசங்க அதன் காலுக்குக் கடதாசி மடித்து வைத்துக்கொண்டிருந்தார். மேசைமேல் நீலப் பெட்டி. வாசலில் ஆறு வீட்டுக்காரர்கள் தங்கள் சாவிக்குப் பல்லு வெட்டிக்கொள்ள ஆளுக்கொரு ரிமோட்டோடு நின்றார்கள். முன்வரிசையில் மீராசாஹிபு.

"ஆடாம இரிக்கா?" என்று ஷிப்லி கீழிருந்து கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்," என்றாள் கமீலா, ஈயக் கோலைச் சூடாக்கிக்கொண்டே.